நாலு இன்ச் வேலை

தரைக்கு டைல்ஸ் பதிப்பதற்குச் சதுர அடிக் கணக்கு. சுவரின் காலடியில் ஓடும் ஸ்கர்ட்டிங்குக்கு ரன்னிங் அடிக் கணக்கு. சென்னைப் புறநகரில் முடியும் தறுவாயில் இருக்கும் அடுக்குமாடிகளில் இந்த வேலையைக் கவனித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: அளக்கும் டேப் நீளத்தை அளக்கிறது, உழைப்பை அளக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்வோம். தரைக்கு, இரண்டடிக்கு இரண்டடிக் கல் முப்பது. பெரும்பாலும் முழுக்கல்லாகவே உட்காரும். அதே அறையின் சுற்றளவு 44 அடி; வாசலுக்கு மூன்றடி போனால் ஸ்கர்ட்டிங் 41 அடி. நாலு இன்ச் உயரத்துக்குப் பரப்பாகப் பார்த்தால் 14 சதுர அடிகூட வராது, நாலு கல்லில் முடிகிற சங்கதி. ஆனால் ஒரு கல்லை ஆறு பட்டையாக்க ஐந்து வெட்டு வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டடி. பன்னிரண்டு அடி ஸ்கர்ட்டிங்குக்குப் பத்தடி வெட்டு! 600 மில்லிமீட்டர் கல்லில் பிளேடு தின்றது போக, பட்டை நாலு இன்ச்சுக்கு ஒரு நூல் குறைந்தே நிற்கும். ஆறில் கம்பெனி விளிம்பு உள்ளவை முதலும் கடைசியும் மட்டுமே. மற்ற நான்குக்கும் மேல் விளிம்பைத் தேய்த்து மழுக்கவேண்டும். விட்டுவிட்டால் தரை துடைப்பவரின் விரலைப் பதம் பார்க்கும்.

வெட்டாவது எண்ணிக்கையில் அடங்கும். சுவரின் குற்றம் அடங்காது. பூச்சில் வயிறு தள்ளியிருப்பதும் மூலை மட்டத்துக்கு வராததும் நூல் பிடித்துப் பட்டையை வைக்கும்போதுதான் அம்பலமாகின்றன. கொத்தனார் பூச்சைத் தரையிலிருந்து நாலு இன்ச் விட்டு நிறுத்தியிருந்தால் பட்டை சுவரோடு சுவராக அமரும். அப்படிச் சொல்லிச் செய்யும் இடங்கள் குறைவு. பூச்சின் மேலேயே ஒட்டும்போது கல்லும் பசையுமாகச் சேர்ந்து அரை இன்ச் வரை துருத்தி, தூசு படியும் திண்டாகிறது. பீரோவும் சுவரை ஒட்டி நிற்பதில்லை. பழி டைல்ஸ்காரர் தலையில். பழைய காவித்தரை வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. தரைக் கலவையையே வளைத்துச் சுவரில் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் வீட்டில் ஸ்கர்ட்டிங் ஈரத்தைத் தடுக்க வந்தது. அமெரிக்க வீடுகளில் அதே இடத்தில் மரச்சட்டம். மரத்தரை உப்பிச் சுருங்குவதற்காக விட்ட இடைவெளியை அது மறைக்கிறது. காரணம் வேறானாலும் அங்குள்ள தச்சருக்கும் மூலைதான் வினை. உள்மூலையில் இரண்டு சட்டத்தையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தால், சுவர் கோணம் தப்பியிருக்கும்போது வாய் பிளக்கும். அதனால் ஒரு சட்டத்தின் நுனியை மற்றதன் வளைவுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்துவது அவர்கள் பழக்கம்.

அடிக்கணக்கு இருபக்கமும் சரிபார்க்கக்கூடியது, வேகமாகச் செய்பவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். சரிபார்க்கலாம் என்பது மெய்தான். மூலைகளையும் வெட்டுகளையும்கூட எண்ணிச் சரிபார்க்கலாமே. வேகத்துக்கு விலை வேறொரு இடத்தில் போகிறது. கல்லை உலர வெட்டினால் பறக்கும் தூசில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறும், அது மீளாது. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசு பெருமளவு அடங்கும். ஆனால் நேரம் பிடிக்கும், சேறும் தெறிக்கும். அடிக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில் அந்த நேரத்துக்கு இடமில்லை. பி.வி.சி. பட்டை வந்துவிட்டது, இனி இந்த வேலையே இராது என்ற வாதமும் உண்டு. வளையும் பட்டை சுவரின் வயிற்றை அப்படியே காட்டிக்கொடுக்கும். வளையாமல் நிமிர்ந்து நிற்கும் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே சந்து விழும். அதையும் ஒருவர் குனிந்து உட்கார்ந்துதான் அடைக்கவேண்டும்.

கதவு நிலைக்கும் அறை மூலைக்கும் நடுவே சில வீடுகளில் மூன்று இன்ச் சுவர் மிஞ்சும். அதற்கான துண்டை நிலையின் சாய்வு பார்த்து ஒருமுறை, மூலையின் சாய்வு பார்த்து ஒருமுறை வெட்டவேண்டும், உடைந்தால் இன்னொன்று. பில்லில் அது கால் அடி.