பனிக்குள்ளே தூங்குற வீடுகள்

சிகாகோவிலிருந்து கிழக்கே ரெண்டு மணி நேரம் கார்ல போனா எல்க்ஹார்ட் வரும். இண்டியானா மாநிலத்துல ஒரு சின்ன ஊர். ஆனா, மோட்டார் ஹோம் உலகத்துக்கு இதுதான் தலைநகர். அதாங்க, கட்டில், கிச்சன், பாத்ரூம் எல்லாத்தையும் உள்ளேயே வெச்சிருக்கிற வண்டி. அதுக்குன்னு ஒரு மியூசியமே இருக்கு. பழைய ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட்டுக்காகச் செஞ்ச 1931-ம் வருஷத்து வண்டிகூட அங்கே நிக்குது!

ஜனவரியில போனீங்கன்னா, வாசலுக்கு வாசல் துணி போர்த்திக்கிட்டு வண்டிகள் தூங்கும். மேலே பனி, பக்கத்துல பனி. மைனஸ் 20 டிகிரியைத் தொடுற ராத்திரியும் உண்டு.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் இந்த வண்டி செய்யற ஃபாக்டரியில வேலை பார்த்தவர். 2008 கடைசியில வேலை போச்சு. அவருக்கு மட்டுமில்ல, ஊருக்கே! 2009 பிப்ரவரியில அதிபர் ஒபாமா நேர்ல வந்து பேசினப்போ, வேலையில்லாதவங்க 15 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தாங்க. கையில மிஞ்சினது பழைய மோட்டார் ஹோம் மட்டும்தான். கோடையில அதை எடுத்துக்கிட்டுப் பேத்தியைப் பார்க்கப் போகணும்னு பிளான்.

வண்டியை ஸ்டார்ட் பண்ண ஒரு பேட்டரி. உள்ளே விளக்கு, தண்ணி பம்புக்குத் தனியா ரெண்டு. வேலை போன கவலையில அந்த ரெண்டோட வயரைக் கழற்ற மறந்துட்டார். எல்லாத்தையும் ஆஃப் பண்ணினாலும் கேஸ் லீக்கைக் கண்டுபிடிக்கிற அலாரம் மட்டும் கரன்ட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்குமாம். வசந்தத்துல திறந்து பார்த்தா ரெண்டும் வயிறு வீங்கி, வெடிப்பு விட்டுக் கிடந்திருக்கு. புதுசு வாங்கக் காசில்லை. பேத்தி ட்ரிப் கேன்சல்.

குளிர்தான் வில்லன்னு நானும் நெனச்சேன் பாஸ். இல்லவே இல்ல! ஃபுல் சார்ஜ்ல இருக்கிற லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 60 வரைக்கும் உறையாது. குளிர்ல சார்ஜ் தானா இறங்குறதும் குறைவுதான். ஆனா, சார்ஜ் தீரத் தீர ஆசிட்ல இருக்கிற சல்ஃபேட் தகட்டுக்குப் போயிடும். மிச்சம் கிட்டத்தட்ட வெறும் தண்ணி. அது மைனஸ் 7 பக்கத்துலயே கட்டியாயிடும். கட்டியானா உப்பும், உப்பினா உடையும். (லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து, ஹாஸ்டல் வாசல்ல செல்ஃப் எடுக்காத பைக்கை உதைக்கிறீங்களே, அங்கேயும் சார்ஜ் இப்படித்தான் இறங்கியிருக்கும். உறையறது மட்டும் கிடையாது.)

இப்போ மனுஷன் செம உஷார். அக்டோபர் கடைசியில ஃபுல் சார்ஜ், தகடு மூழ்க டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் முதல்ல நெகட்டிவ் வயரைக் கழற்றிடுவார். மாசம் ஒரு தடவை மல்டிமீட்டர். 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனா சார்ஜர் போடுவார். உறைஞ்சு போனதை மட்டும் சார்ஜ் பண்ணவே கூடாது, வெடிச்சிடும்னு ரெண்டு தடவை சொன்னார். பக்கத்து வீட்டுல லித்தியம் பேட்டரி. அதுக்குச் சட்டமே வேற: ஜீரோவுக்குக் கீழே சார்ஜே ஏத்தக் கூடாது.

நான் கிளம்புற அன்னிக்குக் காலையில பனியைத் தள்ளிட்டு, கையுறையைப் பல்லால கழற்றி, மீட்டரை வெச்சுக் காட்டினார். 12.6. சிரிச்சுக்கிட்டே மூடியைச் சாத்திட்டு, காபி ஆறிடும் வான்னு உள்ளே போயிட்டார்.