முப்பதுக்கு நாற்பது

பெங்களூரில் இரண்டு தமிழர்கள் முதல்முறை சந்தித்தால், சொந்த ஊர் எது, வேலை எங்கே என்று விசாரித்த கையோடு மூன்றாவதாக வரும் கேள்வி: "சைட் இருக்கா?" சைட் என்றால் வீட்டு மனை. முப்பதுக்கு நாற்பது அடி. 1,200 சதுர அடி. நடுத்தர வர்க்கத்தின் கனவுக்கு இந்த ஊரில் நீள அகலம் உண்டு.

எனக்கு சைட் இல்லை. பத்தொன்பது வருடங்களாக மல்லேஸ்வரத்தில் வாடகை வீடு. போன வருடம் ஒரு நாள் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வீட்டை பில்டரிடம் கொடுக்கப் போகிறார். நிலம் இவருடையது, கட்டுகிற செலவு பில்டருடையது. எழும்பும் ஃபிளாட்டுகளில் ஆளுக்குப் பாதி. எங்களுக்கு ஆறு மாத அவகாசம்.

மல்லேஸ்வரம் தெரியாதவர்களுக்கு: நகரத்தின் வடமேற்கில், 1890களில் திட்டமிட்டுப் போட்ட பேட்டை. 1898ல் பிளேக் வந்தபோது, நெரிசலான பழைய ஊரிலிருந்து தப்பி வந்தவர்களால் மளமளவென்று நிறைந்தது. நேர்கோட்டில் தெருக்கள், வீடுகளுக்குப் பின்னால் துப்புரவுத் தொழிலாளிகள் வந்துபோகத் தனிச் சந்து, காற்று வர காம்பவுண்டுகள். சம்பிகே ரோடு, மார்கோசா ரோடு என்று செண்பகத்துக்கும் வேம்புக்கும் ஒவ்வொரு சாலை. பேட்டைக்குப் பெயர் கொடுத்த காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு மானியம் விட்டவர் வெங்கோஜி. சிவாஜியின் தம்பி முறை, பின்னால் தஞ்சாவூரை ஆண்டவர். தஞ்சாவூர்க்காரியான என் அம்மாவுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து அந்தக் கோயில் சொந்தக் கோயிலாகிவிட்டது.

ஆக, தனி வீடுகளுக்காகவே பிறந்த பேட்டை இது. சிவப்பு ஆக்ஸைடு தரை, மங்களூர் ஓடு, ஜன்னலுக்கு மேல் மரவேலைப்பாட்டுடன் கூர்முகடு. அதை 'மங்கி டாப்' என்பார்கள். ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்த வீடுகள்தான் இப்போது ஒவ்வொன்றாக நாலு மாடிகளாகின்றன. வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பிள்ளைகள், ஒரு வீடு. நடுவில் சுவர் வைத்தா பிரிப்பார்?

கையில் பி.எஃப். பணமும் மனைவியின் சேமிப்பும் இருந்தன. அந்தத் தொகைக்கு இரண்டு வழி. ஒன்று, மைசூர் ரோட்டில் கெங்கேரிக்கு அப்பால் முப்பதுக்கு நாற்பது வாங்கிச் சிறிதாக வீடு கட்டுவது. இன்னொன்று, மல்லேஸ்வரத்திலேயே பழைய ஃபிளாட். நான் மண் கட்சி. மனைவி ஃபிளாட் கட்சி. அம்மாவுக்கு 78 வயது. அவர் எந்தக் கட்சி என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை மூன்று பேரும் கிளம்பினோம். சம்பிகே ரோட்டில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மெஜஸ்டிக். அங்கே பச்சைப் பாதையிலிருந்து ஊதாப் பாதைக்கு மாற வேண்டும். 2021ல் கெங்கேரிக்கும் 2023ல் சல்லகட்டாவுக்கும் ரயில் நீண்டதிலிருந்து அந்தப் பக்கத்து மனைத் தரகர்களுக்கு நல்ல காலம். கெங்கேரியில் இறங்கி ஆட்டோ. ராகி வயல், யூகலிப்டஸ் தோப்பு, அப்புறம் திடீரென்று ஒரு வளைவு. உள்ளே தார் ரோடு, வரிசையாக மின்கம்பங்கள், புல் முளைத்த மனைகள். நான்கே வீடுகள். ஒவ்வொன்றிலும் உயரமான கேட், ஒரு நாய்.

"ரெண்டே வருஷம் சார், நிக்க இடமிருக்காது" என்றார் தரகர்.

முதல் வீட்டில் தமிழர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. காபி கொடுத்து, தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். இரண்டு தென்னை, ஒரு மா, கொடிப் பந்தல். "தலைக்கு மேல யாரும் நடக்கிற சத்தம் கிடையாது. இன்னொரு மாடி எழுப்பணும்னா யாரையும் கேட்க வேண்டாம்" என்றார். அந்தப் பெருமிதத்தில் பொய் இல்லை. 2024 கோடையைப் பற்றிக் கேட்டதும் சற்று மௌனம். அந்த வருடம் நகரமெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. காவிரிக் குழாய் இல்லாத இடங்கள் டாங்கர் லாரியை நம்பின. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் ஆற்றைப் பள்ளத்திலிருந்து மேடேற்றிக் குடிக்கும் ஊர் இது. "ஒரு வண்டிக்காக ரெண்டு நாள் காத்திருந்தேன்" என்றார்.

பத்திரம் பார்ப்பதற்கே தனிப் படிப்பு வேண்டும். விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமல் கூறு போட்டு விற்றால் அது 'ரெவின்யூ சைட்'; பாங்கில் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. நாங்கள் பார்த்தது ஒழுங்கான மனைதான். எனக்குக் கை பரபரத்தது. அம்மா மனையின் மூலைக்கல் மீது உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்கே சாயங்காலம் யாருப்பா வருவாங்க?" என்று கேட்டார்.

மாலையில் ஃபிளாட். 1990களில் கட்டியது, இரண்டாவது மாடி. லிஃப்ட் முனகுகிறது. பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்று செயலாளர் கையெழுத்திட்ட அறிவிப்பு. பத்திரத்தில் நிலத்தின் பிரிபடாத பங்கு 380 சதுர அடி. அது எந்த 380 என்று யாராலும் காட்ட முடியாது. கட்டிடம் முதுமையடைய அடைய விலை நிற்பது அந்தக் காணாத மண்ணுக்குத்தான். கணக்குப் போட்டால் மனைதான் வாங்க வேண்டும். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் படியிறங்கி எட்டாவது கிராஸ் திரும்பியதும் பூக்காரம்மா தலையை நிமிர்த்தி, "அஜ்ஜி, ஊட்டா ஆய்த்தா?" என்றாள். பாட்டி, சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அம்மா நின்று, காலையில் ரயில் ஏறியது முதல் நாய்கள் வரை தன் கன்னடத்தில் விவரித்தார். இருபது நிமிடம். பெரும்பாலும் தமிழ்தான், அங்கங்கே ஒரு 'மாடி', ஒரு 'பேக்கு'. அவள் இன்னொரு முழம் மல்லிகை அளந்தாள். நானும் மனைவியும் ஓரமாக நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஃபிளாட்டுக்கு மறுவாரம் அட்வான்ஸ் கொடுத்தோம். கெங்கேரி மனையை இரண்டே மாதத்தில் யாரோ வாங்கிவிட்டதாகத் தரகர் போன் செய்து சொன்னார், சொல்லாமலே இருந்திருக்கலாம். பழைய வீட்டை இடித்த அன்று காம்பவுண்டு வேம்பை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், வரைபடத்தில் அது கார் நிறுத்தும் இடத்தில் வரவில்லையாம். எங்கள் பால்கனியிலிருந்து அதன் உச்சி தெரிகிறது. அம்மா அங்கேதான் துணி உலர்த்துகிறார். செயலாளர் இதுவரை இரண்டு முறை எழுதிவிட்டார்.