கட்டிங் வேஸ்ட்

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடுகள். நாலு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம், நடுவில் தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும். 15 வேலம்பாளையத்தில் இப்படிப்பட்ட லைன் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. எதிர்வரிசையில் கடைசி வீட்டுக்காரி உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். ஓவர்லாக் டெய்லர். நான் பில் போடும் அதே பனியன் கம்பெனியில்தான் பவர் டேபிளில் உட்காருகிறாள். டஜனுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். கணவருக்கு நிட்டிங்கில் நைட் ஷிஃப்ட். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். அப்புறம் அந்தப் பூனைக்குட்டி.

குட்டிக்குப் பெயர் கிடையாது. திருப்பூருக்கு வந்து பத்து வருஷத்தில் கொங்கு வழக்கு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. "வா சாமி, தின்னு சாமி" என்பாள். கம்பெனிக்குப் பின்னால், கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் அடுக்கியிருக்கும் குடோனில் ஒரு பூனை நாலு குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைப் பையன் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்துவிட்டான். கறுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கை நீளம். நான் வாசலைக் கடந்தால் ஓடிவந்து என் செருப்பு வாரைக் கடிக்கும். காலை உதறினாலும் விடாது.

அவள் தினமும் வேலை முடிந்து வரும்போது கைநிறைய வேஸ்ட் கொண்டு வருவாள். கழுத்து வெட்டியது, கை வெட்டியது, பருத்தி நிட் துணியின் மெத்தென்ற சின்னச் சின்னப் பிறைகள். அதைக் கார்ட்டன் பெட்டியில் பரப்பிக் குட்டியைப் படுக்க வைப்பாள். நனைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு. துணிக்கா பஞ்சம் இந்த ஊரில்?

பையன் கையில் ஒருநாள் நகம் கீறிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் 0, 3, 7, 28 என்று நாள் குறித்து ஊசி போட்டார்கள். பூனைக்கும் போட்டுவிடுங்கள் என்று அங்கே யாரோ சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மளிகைப் பையில் தலை மட்டும் வெளியே தெரியக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். வெறிநோய் ஊசிக்கு மூன்று மாதம் நிரம்பட்டும் என்று சொல்லி, பூனைகளுக்கான மூன்று நோய்களைத் தடுக்கும் ஊசியை மருத்துவர் முதலில் போட்டிருக்கிறார். திரும்பி வந்து அடுத்த தேதி எழுதிய அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். பையன் பள்ளிக்கூட அட்டையும் அங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை குட்டி தூங்கியே கிடந்தது. செவ்வாய் இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து நாங்கள் உள்ளே நுழையும்போது, பையன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். குட்டி மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்திருந்தது. வைத்த சோறு வைத்தபடி.

"நீதானம்மா ஊசி போடக் கூட்டிட்டுப் போன."

எட்டு வயசுப் பிள்ளை. குற்றம் சாட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, கண்டதைச் சொன்னான். அவள் தூக்குவாளியைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள்.

புதன்கிழமை நானும் பெர்மிஷன் போட்டுவிட்டு அவளோடு போனேன். காத்திருக்கும் பெஞ்சில் வயிறு உப்பிய ஒரு வெள்ளாட்டுக் குட்டி, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டு நாய். பக்கத்தில் இருந்த ஒருவர் மையில் நனைந்த விரலால் போனைத் தடவி, "ஊசி போட்டா பூனைக்குப் புற்றுக்கட்டி வருதாமுங்க" என்றார். அது முழுப் பொய்யும் இல்லை. ஊசி போட்ட இடத்தில் அபூர்வமாக அப்படிக் கட்டி வருவதை 1991-இல் அமெரிக்காவில் எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டி மூன்று மாதமாகியும் கரையாவிட்டால், இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், ஒரு மாதம் கழித்தும் வளர்ந்தால் விடாதே என்று ஒரு கணக்கும் உண்டு. ஆனால் அதெல்லாம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடப்பது. மூன்றாம் நாள் வாந்திக்கு அந்தச் செய்தி எதற்கு? அவள் மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சுரம் 104. மருத்துவர் குட்டியின் முதுகுத் தோலைத் தூக்கி விட்டார். அது உடனே படியாமல் கூடாரம் போல நின்றது. உடம்பில் நீர் இல்லை.

"ஊசினாலயா சார்?"

"ஊசி போட்டா ஒரு நாள் ரெண்டு நாள் சோர்ந்து கெடக்குமுங்கம்மா. மூஞ்சி வீங்குறது, மூச்சு வாங்குறதெல்லாம் போட்ட சில மணி நேரத்துலயே தெரிஞ்சுரும். இது மூணாம் நாள் ஆரம்பிச்சு ஏறிட்டே போகுது. வேற மாதிரி இருக்குது."

"வேற என்ன சார்?"

"இப்பத் தெரியலைங்கம்மா."

அந்தத் 'தெரியலை'க்காக அவரை நான் மதிக்கிறேன். மலத்தைத் தொட்டுச் சோதிக்கும் கிட் ஒன்று இருந்தது. அதில் மங்கலாக ஒரு கோடு விழுந்தது. அதையும் நம்ப முடியாது என்றார். தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ், போட்டுச் சில நாள் வரை அதுவே கோடு காட்டலாம். நோயின் கோடா, ஊசியின் கோடா? ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். இன்னும் மோசமானால் உடுமலை பக்கம் பண்ணைக்கிணறில் 2020-இல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். இந்த உயிர் அவ்வளவு தூரம் பஸ்ஸில் தாங்குமா என்று அவள் கேட்கவில்லை. குட்டியைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இரண்டு தோள்களுக்கும் நடுவே தோலுக்கடியில் திரவம் ஏற்றினார்கள். ஒட்டகத் திமில் போல அங்கே ஒரு மேடு எழும்பி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முன்னங்கால் பக்கம் இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு குட்டி குந்தியிருந்தது. தண்ணீருக்கும் வாய்க்கும் நடுவே ஒரு விரற்கடைதான். தாகம் இருக்கிறது, குடிக்க முடியவில்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்தது. இந்த நோய் கண்ட பூனைகள் இப்படித்தான் உட்காருமாம். பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கே லேபிலிருந்து சீட்டு வந்தது. நலமான பூனையின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளணுக்கள் சுமாராக 5,500-லிருந்து 19,500 வரை இருக்கும். இதற்கு 2,000-க்கும் கீழே. பான்லூக்கோபீனியா என்றார் மருத்துவர். நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோவுக்கு நெருங்கிய சொந்தம். நாய்ப் பார்வோ 1978 வாக்கில்தான் உலகமெங்கும் தலைகாட்டியது. பூனையின் நோய் அதற்கு வெகு முன்பே இருந்தது. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வாந்தியை நிறுத்துவது, நீர் வற்றாமல் பார்ப்பது, வெள்ளணு இல்லாத உடம்பில் வேறு கிருமி புகாமல் ஆன்டிபயாட்டிக், கதகதப்பு. முதல் நாலைந்து நாளைத் தாண்டினால் பிழைத்துக்கொள்ளும்.

கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகுமாம். ஊசி போட்ட ஞாயிறன்றே அது உள்ளே இருந்திருக்கும் என்று மருத்துவர் எடுத்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. சமாதானம் சொல்லும் குரலை அவளுக்கு அடையாளம் தெரியும்.

பீஸ் ரேட்காரிக்கு லீவு கிடையாது. காலை டீ டைமில் ஒரு ஓட்டம், மத்தியானச் சாப்பாட்டில் ஒரு ஓட்டம், நாலு மணி டீக்கு ஒரு ஓட்டம். ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக, கடைவாய் ஓரத்தில், புரையேறாமல் விடுவாள். வெந்நீர் பாட்டிலைப் பனியன் துணியில் சுற்றி முதுகுக்கு அணைகொடுப்பாள். ஈறைத் தூக்கி நிறம் பார்ப்பாள். இரவு அவள் மடியிலேயே குட்டி கிடக்கும். கணவர் விடியற்காலை நிட்டிங்கிலிருந்து வந்து, உடம்பெல்லாம் பஞ்சோடு, ஒன்றும் பேசாமல் அதைத் தன் மடிக்கு மாற்றிக்கொள்வார். அவள் சோறாக்க எழுந்து போவாள்.

வியாழன் ராத்திரி முதல் வீட்டு அத்தை நல்ல மனசோடு ஒரு பாட்டில் கொண்டு வந்தார். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சிரப். "சொரம் குறைஞ்சா எந்திரிச்சுக்கும் கண்ணு, ரெண்டு சொட்டு ஊத்து."

காம்பவுண்டில் நான் வாயாடி இல்லை. அன்று எழுந்து போய் பாட்டிலைக் கையிலிருந்து வாங்கினேன். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றத் தெரியாது, ரத்தமே கெட்டுச் செத்துப்போகும் என்றேன். அத்தை பயந்துபோய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேஸ்ட் எடை போட்டு பில் எழுத குடோனுக்குப் போனேன். வாட்ச்மேன் தாத்தா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"குட்டிக ரெண்டு போன வாரமே போயிருச்சுங்க. மூணாவது நேத்து. வாந்தி வாந்தியா எடுத்துச்சுங்க."

அதற்கெல்லாம் யார் ஊசி போட்டது?

நாலு மணி டீக்கு அவள் வீட்டுக்கு ஓடப் பையைத் தோளில் மாட்டும்போது சொன்னேன். டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அதுகளுக்கு ஊசி போடலையேக்கா."

"போடலை."

மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓவர்லாக் நூல்கோன்களுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று நாளாகச் சுமந்ததை இறக்கி வைக்கிற அழுகை. எனக்கும் மனசு லேசானது. ஒரு நிமிஷம்தான். அவள் தோளில் தொங்கிய பையில், அன்றைக்கு எடுத்துப்போக வைத்திருந்த வேஸ்ட் பிறைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

குட்டியைத் தூக்கி வந்து ஐந்து வாரம் ஆகிறது. கிருமி அன்றைக்கே ஒட்டியிருந்தால் எப்போதோ நோய் வந்திருக்க வேண்டும். பிறகுதான் அது வீட்டுக்கு வந்திருக்கிறது. துணியில், தரையில், மாதக்கணக்கில், ஒரு வருஷம் வரைகூட இந்த வைரஸ் உயிரோடு கிடக்கும். தினமும் அந்தக் குடோன் மூட்டையிலிருந்துதான் அவள் கைநிறைய அள்ளினாள், குட்டிக்கு உறுத்தாத மெத்தை வேண்டும் என்று.

நான் சொல்லவில்லை.

சாயங்காலம் குடோன் செய்தி கேட்ட மருத்துவர், பழைய துணியையெல்லாம் எரித்துவிட்டு, தரையை ப்ளீச்சிங் கரைசலால் துடைக்கச் சொன்னார். சாதாரண சோப்புக்கும் டெட்டாலுக்கும் இது சாகாதாம். ப்ளீச்சிங்குக்கு எங்கள் காம்பவுண்டில் ஆள் உண்டு. மூன்றாம் வீட்டு அண்ணன் பட்டறைக்காரர். நொய்யலைக் காப்பாற்ற 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊருக்குப் போய், மறுபடி திறந்ததும் திரும்பி வந்தவர். எத்தனை தண்ணீருக்கு எவ்வளவு என்று மூக்காலேயே அளப்பார். அவரே வாளியில் கலக்கி அவள் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் துடைத்துக் கொடுத்தார். தொட்டிப் பக்கம் கார்ட்டன் பெட்டி எரிந்தது. பையனின் பழைய பள்ளிக்கூடச் சட்டையைக் கொதிக்கவைத்து, உலர்த்தி, அதில் குட்டியைக் கிடத்தினாள்.

எரிவதைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டாள். "அப்ப எங்கிருந்துக்கா வந்துச்சு? பெட்டியை விட்டு வாசல் தாண்டலையே அது."

நெருப்பில் பிறை பிறையாகத் துணி சுருண்டது.

"என் செருப்புல வந்திருக்கும். தினமும் குடோனுக்குள்ள போய்ட்டுத்தான வர்றேன். வாரைப் பிடிச்சுக் கடிச்சுட்டே கெடக்குமே."

பொய் சொல்லவில்லை. அப்படியும் வந்திருக்கலாம். அவள் என் காலைப் பார்த்தாள், பிறகு என்னை. "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்" என்றாள். அதில் கோபம் இல்லை.

செருப்பை அந்த வாளியிலேயே முக்கி எடுத்து வெளியே வைத்தேன்.

சனிக்கிழமை சம்பள நாள். எட்டரைக்குக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அதில் பாதி ஏற்கெனவே மருந்துக்கடைக்குக் கடன். பையன் வாசலிலேயே விரலை உதட்டில் வைத்தான். குட்டி பழையபடி கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் மூவரும் சுவரோரம் நின்றோம். பக்கத்து வீட்டு டி.வி.யின் சத்தம்கூட எரிச்சலாக இருந்தது.

நாக்கு வெளியே வந்தது. தண்ணீரில் ஒரு சின்ன வளையம்.

"ஒண்ணு" என்றான் பையன், மூச்சுவிடாமல். "ரெண்டு." நடுவில் நின்றது. மூன்று, நாலு. தலையைத் தூக்கியது. வாந்தி வருமோ என்று அவள் கை துணிக்குப் போனது. வரவில்லை. மறுபடி குனிந்தது. ஒன்பது, பத்து.

"பதினொண்ணு."

"இன்னொண்ணு சாமி" என்றாள் அவள், முட்டி போட்டு உட்கார்ந்து. "டஜன் ஆயிரும்."