விழிஞ்ஞம்: கேமராவை முந்திய காது

விடியற்காலை ஐந்தரை மணி. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்த விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகம். இரவெல்லாம் கடலில் கிடந்த ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, கரையில் ஏலம் சூடு பிடிக்கிறது. கேமராப் பையுடன் படகேறும் ஆசாமியை முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. திமிங்கலத்தைப் படமெடுக்கப் போவதாகச் சொன்னதும்தான் சிரிக்கிறார்கள்.

சிரிப்பில் நியாயம் உண்டு. இந்தக் கடலில் நீலத் திமிங்கலத்தைக் காட்டிக்கொடுத்தது கேமரா அல்ல, காது. 2021 மார்ச்சில் ஆய்வாளர் தீபானி சுதாரியாவும் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறையும் சேர்ந்து விழிஞ்ஞம் கடலில் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். மனிதக் காதின் அடி எல்லையை ஒட்டிய அந்தக் கனத்த குரல் அதில் பதிவாகியிருந்தது.

குரல் சிக்கிய இடத்தில் உருவம் சிக்குமா? அதற்கு முதல் தேவை பொறுமை. தொடுவானத்தைக் கண்ணால் துழாவ வேண்டும். நீலத் திமிங்கலம் விடும் மூச்சு ஒன்பது மீட்டர் உயரம் வரை தூணாக எழும். முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து எழுந்தால் அது எண்ணெய்த் திமிங்கலம். சில மூச்சுகளுக்குப் பிறகு முதுகு வில்லாக வளைந்தால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். வால் தெரிந்தால் அந்த நொடியில்தான் தெரியும். விட்டால் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

ஆடும் படகில் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும். லென்ஸைப் படகின் விளிம்பில் ஊன்றினால் இன்ஜின் அதிர்வு படத்தைக் கெடுக்கும். முழங்கையை விலாவில் ஒட்டிக்கொள்வதே மேல். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். உப்புத் துளியைத் துடைக்க உலர்ந்த துணி அவசியம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், துரத்தாமல் இருப்பது. திமிங்கலம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. துரத்தினால் படமும் கெடும்: ஓடும் விலங்கின் பின்புறமும் நுரையும்தான் மிஞ்சும். தொலைவில் பக்கவாட்டில் இணையாகப் போய் இன்ஜினைத் தணித்தால் விலா முழுதாகக் கிடைக்கும். அந்த விலாவின் திட்டுகளையும் முதுகுத் துடுப்பின் வடிவத்தையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு திமிங்கலத்தையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். தேதியும் நேரமும் இடமும் குறித்த சுமாரான படம், எதுவும் குறிக்காத அழகான படத்தைவிட அவர்களுக்கு உதவும்.

நிச்சயம் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவுக்குப் போகலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே திமிங்கலம் பார்க்கவே படகுகள் புறப்படுகின்றன. திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது விதி. ஆனால் அந்தக் கடல் வழியாகவே உலகின் சரக்குக் கப்பல்களும் போகின்றன. மோதிச் செத்த திமிங்கலங்கள் உண்டு. 2022இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது.

அதே எம்.எஸ்.சி.யின் கப்பல்கள் இப்போது விழிஞ்ஞத்துக்கும் வருகின்றன. 2025 மே 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த புதிய துறைமுகத்துக்கு, அடுத்த மாதமே வந்தது சுமார் 400 மீட்டர் நீளமுள்ள 'எம்.எஸ்.சி. இரினா'. குரல் பதிவான கடலில் திமிங்கலம் எங்கே, எந்த மாதம் நடமாடுகிறது என்று தெரிந்தால்தான் கப்பலை விலகிப் போகச் சொல்ல முடியும். மீனவர் கையிலிருக்கும் செல்போன் படமும் இதில் சாட்சிதான்.

பத்து மணிக்குக் கரை திரும்பியபோது கேமராவில் இருந்தவை கடல், ஓங்கில்களின் முதுகு, தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல். ஏலம் முடிந்திருந்தது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. எங்கே தேடினோம் என்று கேட்டார்கள். சொன்னதும், இன்னும் தெற்கே போயிருக்க வேண்டும் என்றார் ஒரு பெரியவர்.