பொடிப்பனிக்கு ஒரு அகலப் பலகை

காஷ்மீர் குல்மார்க்ல பட்டாளத்துல இருக்கிற சித்தப்பா பையன் நேத்து ஒரு வீடியோ அனுப்பினான்.
அங்க 1948-லயே ராணுவம் பனிச்சறுக்குப் பள்ளி ஆரம்பிச்சிடுச்சு.

வீடியோவுல என் கண்ணு போனது அவன் பக்கத்துல ஒருத்தர் கால்ல இருந்த சறுக்குப் பலகை மேல.
அஞ்சாறு விரக்கடை அகலம். மூக்கு நல்லா மேல வளைஞ்சிருக்கு.

தடம் போடாத பனியில இறங்கறதுக்குன்னே செய்யறது.
ஒல்லிப் பலகை பொடிப்பனியில புதையும். இது மிதக்கும்.

இந்த மாதிரிப் பலகைக்குக் காரணமானவங்கள்ல முக்கியமானவர் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கி.
தண்ணியில சறுக்குற பலகையை மாட்டிக்கிட்டு அலாஸ்கா மலையில இறங்கின மனுஷன்!
அவர் யோசனையை நம்பி வோலன்ட் கம்பெனி 2002-ல 'ஸ்பாட்டுலா'ங்கற பலகையைக் கொண்டுவந்துச்சு.


இன்னிக்கும் ஆல்ப்ஸ்ல, கொலராடோவுல சின்னச் சின்னப் பட்டறைங்க இந்தப் பலகைங்களையே உயிரா செய்யுது.
நடுவுல மரம், மேலயும் கீழயும் கண்ணாடியிழை, பிசின், ஓரத்துல எஃகு. எல்லாத்தையும் சேர்த்து அழுத்தி எடுக்கறாங்க.
சிலர் நடுவுல வைக்கறது மூங்கில்.

மூங்கில்னதும் ஞாபகம் வந்துச்சு, மதுரையில ஒருத்தர் சிலம்பக் கம்பு நிமித்தறதைக் கிட்ட நின்னு பாத்திருக்கேன்.
தீயில வாட்டி, கணு கணுவா தடவி, வளைஞ்ச இடத்தை முழங்கால்ல வச்சு மெதுவா அமுக்குவாரு. ஒரு கண்ணை மூடி நீளவாக்குல பாப்பாரு. திருப்தி இல்லன்னா மறுபடி தீ.

அந்தப் பொறுமைதான் சறுக்குப் பலகை செய்யற தொழிலுக்கும் முதல்.
நம்மகிட்ட அது இருக்கு.

மூங்கில் வேலை, மரவேலை தெரிஞ்ச நண்பர்களே, ஒரு ஜோடி செஞ்சு குல்மார்க்குக்கு அனுப்பலாமா?