குனிந்த தலைக்கு ஒரு கண்ணாடி

மைனஸ் எட்டு, ஒன்பது பவர் உள்ளவர் வந்து, சைக்கிள் ஓட்டத் தனியாக ஒரு கண்ணாடி வேண்டும் என்று கேட்டால், ஃபிட்டிங் பழக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அவரை நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுக்காதீர்கள். சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே இடமில்லையென்றால் வாசலிலேயே நிறுத்தி, ஒருவர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறி உட்காரட்டும். ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும். கை வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தெருமுனையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மார்க்கர் பேனாவைத் திறங்கள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவருக்குக் கண்மணிக்கு நேராகப் புள்ளி வைத்துவிடலாம். சைக்கிளில் முதுகு வளைகிறது, தலை குனிகிறது, கண் மட்டும் சாலையைத் தேடி மேலே ஏறுகிறது. கண் பதினைந்து டிகிரி மேலே போனால், பார்வை லென்ஸில் ஏறக்குறைய 7 மி.மீ. உயரத்துக்கு நகர்ந்துவிடும். லென்ஸின் மையத்தை விட்டு எத்தனை சென்டிமீட்டர் விலகுகிறதோ, அதைப் பவரால் பெருக்கினால் பிரிசம் வரும். மைனஸ் எட்டுக்கு அது 5.6. இரண்டு கண்ணிலும் ஒரே பவர் என்றால் ஓரளவு பழகிக்கொள்வார். வலது எட்டு, இடது ஐந்து என்று இருந்தால் இரண்டு கண்ணுக்கும் 2.1 பிரிசம் வித்தியாசம், அதுவும் மேல்கீழாக. பக்கவாட்டு வித்தியாசத்தைக் கண் கொஞ்சம் பொறுக்கும், மேல்கீழ் வித்தியாசத்தைப் பொறுக்காது. ஒரு மணி நேரம் ஓட்டியதும் நெற்றிப்பொட்டு வலிக்கும். அவர் கழுத்தைக் குறை சொல்வார், சீட்டைக் குறை சொல்வார், தூக்கம் போதவில்லை என்பார். கண்ணாடிமேல் சந்தேகமே வராது, ஏனென்றால் அதே கண்ணாடியில் ஆபீஸில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் பெஞ்ச் போட்டிருந்தார். சைக்கிள் கண்ணாடி என்று தனியாக ஒன்று அவர் காலத்தில் கிடையாது. ஆனால் யாருக்கு அளவெடுத்தாலும், அவர் வேலை செய்யும்போது எப்படி இருப்பார் என்று கேட்பார். தையற்காரர் என்றால் குனியச் சொல்வார், லாரி ஓட்டுபவர் என்றால் கையை நீட்டச் சொல்வார். டம்மி லென்ஸ்மேல் செலோடேப் ஒட்டி, எதிரில் தன் கண்ணும் வந்தவர் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி தானும் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைப்பார். நிமிர்ந்து ஒரு புள்ளி, குனிந்து ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் மையத்தை எங்கே வைப்பது என்பதில்தான் அவருடைய கைத்திறமை இருந்தது. நானும் இன்றுவரை டேப்பில்தான் புள்ளி வைக்கிறேன். சைக்கிள்காரருக்கு மையத்தை மேல்புள்ளிப் பக்கம் நன்றாகத் தள்ளிவிடுவேன். சிக்னலில் நிமிர்ந்து நிற்கும்போது கொஞ்சம் விலகினாலும் பாதகமில்லை.

மையத்தை ஏற்றினால் மட்டும் போதாது, சாய்வையும் குறைக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் கீழ் விளிம்பு கன்னத்தை நோக்கி எட்டு, பத்து டிகிரி சாய்ந்திருக்கும். குனிந்துகொண்டு மேலே பார்ப்பவருக்கு அந்தச் சாய்வு எதிரி. பார்வை லென்ஸைக் கோணலாகத் துளைக்கும், பெரிய பவரில் அந்தக் கோணல் தானாகவே சிலிண்டரை உண்டாக்கும். சைடை ஹிஞ்ச் பக்கம் மெல்ல வளைத்து, சாய்வை இரண்டு மூன்று டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். நோஸ் பேடுகளை நெருக்கினால் ஃபிரேம் மூக்கில் உயரும். மேல் ரிம் புருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால், சாலையின் குறுக்கே கறுப்புக் கோடு விழாது. இதனால்தான் நோஸ் பேடை நகர்த்த முடியாத தடித்த ஷெல் ஃபிரேமை நான் இவர்களுக்குக் காட்டுவதே இல்லை.

ஃபிரேம் தேர்வில்தான் பெரிய மனஸ்தாபமே வரும். வருகிறவர் ஆசைப்படுவது முகத்தைச் சுற்றி வளைந்த, பந்தயக்காரர்கள் போடுவது போன்ற எட்டு பேஸ் (வளைவு எண்) ஃபிரேம். காற்றையும் தூசியையும் அது நன்றாகத் தடுக்கும், மறுக்க முடியாது. ஆனால் மைனஸ் எட்டு லென்ஸ் இயல்பிலேயே முன்பக்கம் தட்டையானது, ஒன்று அல்லது இரண்டு பேஸ். அதை எட்டு பேஸ் ரிம்மில் திணித்தால் ரிம் நிமிரும், அதனுடன் சைடு இரண்டும் வெளியே விரியும், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது லென்ஸ் தெறிக்கும். வேறோர் இடத்தில் அப்படித் திணித்து வாங்கி வந்த கண்ணாடிகள் என் பெஞ்சுக்கு நிறைய வந்திருக்கின்றன. லென்ஸையே வளைவாகச் செய்து, கோணத்துக்கு ஏற்றபடி பவரைத் திருத்தித் தரும் லேப்கள் உண்டு. மைனஸ் நான்கு வரைக்கும் அதை நம்பி வாங்கலாம் என்பது என் கணிப்பு. அதற்கு மேலே ஓரம் தடிக்கும், ஓரப் பார்வை நீந்தும்.

நான் தேடுவது சின்ன ஃபிரேம். கண் அளவு 48, அதிகம் போனால் 50. லேசான வளைவு, மெல்லிய மேல் ரிம். ஃபிரேமின் மையமும் அவருடைய பி.டி.யும் (இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம்) எவ்வளவு நெருங்கி வருகின்றனவோ அவ்வளவு நல்லது. மைனஸ் எட்டுக்கு, 1.67 இண்டெக்ஸ் (ஒளிவிலகல் எண்) லென்ஸில் மையத்திலிருந்து ஓரம் 25 மி.மீ. என்றால் தடிமன் ஐந்து மி.மீ.க்குள் அடங்கும். அதே லென்ஸை அகலமான ஃபிரேமில் 32 மி.மீ.க்கு இழுத்தால் ஏழைத் தாண்டும். இண்டெக்ஸ் ஏற்றிப் பணம் செலவழிப்பதைவிட ஃபிரேமைச் சுருக்குவது அதிகம் மெலியவைக்கும். 1983, 1984 இரண்டு வருடமும் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்த லோரான் பிஞ்ஞோன் சின்ன மூக்குக்கண்ணாடியோடுதான் மலையேறினார். பெரிய ஃபிரேம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு அவருடைய பழைய படத்தைக் காட்டுவேன்.

இண்டெக்ஸ் விஷயத்தில் இன்னொன்று. 1.67, பாலிகார்பனேட் இரண்டும் மையத்தை விட்டு விலகினால் நிறம் பிரிக்கும். சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் ஒட்டியிருப்பதாக ஒரு அம்மா வந்து சொன்னார். அதற்கு முன்பு மூன்று கடைகளில் பவரைத்தான் மறுபடி மறுபடி சோதித்திருக்கிறார்கள். பவர் சரியாகவே இருந்தது. 1.60 லென்ஸுக்கு மாற்றி, மையத்தை ஐந்து மி.மீ. ஏற்றியதும் அந்த நிறம் கண்ணை விட்டுப் போனது. ஓரம் கொஞ்சம் தடித்தது, அவர் கவலைப்படவில்லை. 1.60 நல்ல உறுதியானதும்கூட. கல் தெறிக்கும் சாலையில் அதிகம் ஓட்டுபவருக்கு, பவர் குறைவாக இருந்தால், டிரைவெக்ஸ். கண்ணாடியால் ஆன லென்ஸ் சைக்கிள்மேல் ஏறவே கூடாது.

எட்ஜிங்கில் அவசரம் ஆகாது. தடித்த ஓரத்தில் பெவலை (ரிம்மின் பள்ளத்தில் உட்காரும் மேடு) முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் ஓட்டுங்கள், தடிமன் பின்னால் மறையும். ஆனால் அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளினால் நோஸ் பேடின் கம்பியில் இடிக்கும், சைடு மடங்காது. பின் ஓரத்தின் கூர்மையைக் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். விழுந்தால் முதலில் கன்னத்தில் படுவது அந்த ஓரம்தான். ஓரத்துக்குப் பாலிஷ் போட நான் ஒத்துக்கொள்வதில்லை. ராத்திரி ஓட்டும்போது எதிர்வண்டி வெளிச்சம் பாலிஷ் ஓரத்தில் பட்டுக் கண்ணுக்குள் தெறிக்கும். லென்ஸைச் சற்றுப் பெரிதாக வெட்டி ஸ்க்ரூவை முறுக்கி இறுக்குவதும் வேண்டாம். ஸ்ட்ரெய்ன் டெஸ்டரில் வைத்தால் அந்த இறுக்கம் வரிவரியாகத் தெரியும். வெயிலில் கிடந்தால் கோட்டிங் வெடிக்கும்.

முகத்திலிருந்து லென்ஸ் எவ்வளவு தூரம் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். 12 மி.மீ.யில் சோதித்த மைனஸ் எட்டு, 18 மி.மீ.க்குத் தள்ளிப்போனால் 8.40 வேண்டும். வியர்வையில் கண்ணாடி மூக்கில் இறங்கியதும் தூரத்துப் பலகை மங்குகிறது என்று சொல்பவர்களுக்குக் காரணம் இதுதான். பவரைக் கூட்ட வேண்டாம், சிலிக்கோன் பேட் மாற்றி, காதுக்குப் பின்னால் வளைவைச் சரிசெய்து, கண்ணாடியை இருக்க வேண்டிய இடத்திலேயே நிறுத்துங்கள்.

வளைந்த வெயில் கண்ணாடியின் உட்புறம் சின்னதாகப் பவர் இன்சர்ட் மாட்டுவது இன்னொரு வழி. செலவு குறைவு, மையத்தை வேண்டியபடி வைக்கலாம். ஆனால் நம் கடலோரப் புழுக்கத்தில் நின்றவுடன் இரண்டு லென்ஸுக்கும் நடுவே ஆவி கட்டும், இமை உரசும். கான்டாக்ட் லென்ஸ் ஒத்துவரும் என்று டாக்டர் சொன்னவருக்கு, அதைப் போட்டு மேலே சாதாரண வளைந்த கண்ணாடி மாட்டுவதுதான் எல்லாவற்றிலும் சுகம். அங்கே என் வியாபாரம் போகிறது, போகட்டும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும்போது வெயில் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் லென்ஸின் பின்பக்கத்தில் பட்டுத்தான் கண்ணைக் கூசவைக்கும், ஆகவே எதிரொளிப்பைத் தடுக்கும் ஏ.ஆர். கோட்டிங் பின்பக்கமும் கட்டாயம் இருக்க வேண்டும். வெயிலில் கறுக்கும் லென்ஸ் நம் ஊர்ச் சூட்டில் ஊட்டியில் கறுக்கும் அளவு கறுக்காது, வாங்குமுன் சொல்லிவிடுங்கள். போலரைஸ்டு போட்டால் ஹேண்டில்பாரில் உள்ள மீட்டர் சில கோணங்களில் தெரியாமல் போகும்.

டெலிவரி அன்றைக்கும் சைக்கிள் வர வேண்டும். ஹெல்மெட்டின் பின்பட்டை சைடின் நுனியைத் தள்ளுகிறதா என்று பாருங்கள், தள்ளினால் நுனியைச் சற்று வெட்டி நேராக்குங்கள். சைடு ஹெல்மெட் வாருக்கு வெளியே வரும்படி மாட்டப் பழக்குங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். வரும்போது கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். வியர்வை உப்பு எங்கே படிந்திருக்கிறது, நோஸ் பேட் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இமை எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்து, அடுத்த முறுக்கை எந்தப் பக்கம் கொடுப்பது என்று முடிவுசெய்யலாம்.