துண்டு வாங்கிட்டு வா!

திருப்பூர் அவினாசி ரோட்டிலிருந்து பிரியும் ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். கம்பெனியின் பெயர்ப் பலகை கண்ணில் படுவதற்கு முன்னால் இன்னொரு போர்டு படும். 'ஆட்கள் தேவை. ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், செக்கிங், அயர்னிங், கைமடிக்க.' மின்கம்பத்திலும் அதே. டீக்கடைச் சுவரிலும் அதே. இப்போது பல இடங்களில் இந்தியிலும் எழுதி வைக்கிறார்கள்.

பனியன் தொழிலாளிக்குச் சங்கத்தை விட, சட்டத்தை விட, அந்த போர்டுதான் பெரிய பாதுகாப்பு. சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசினானா? பீஸ் ரேட்டில் பத்து பைசா குறைத்தானா? சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை பக்கத்து கம்பெனியில் உட்கார்ந்துவிடலாம். "சொல்லிட்டாவது போகலாமுல்லங்க?" என்று முதலாளிகள் புலம்புவார்கள். அட்வான்ஸ் கடன், கான்ட்ராக்ட்காரர் பிடிமானம் என்று இங்கேயும் சிக்கல்கள் உண்டுதான். ஆனாலும், போய்விடுவான் என்ற பயம் இருக்கும்வரை முதலாளியின் குரல் கொஞ்சம் தணிந்தே இருக்கும்.

போர்டே இல்லாத ஊரில் என்ன ஆகும்? அனுப்பர்பாளையம் பக்கம் டீ குடித்துக்கொண்டே ஒரு டெய்லர் எனக்கு அதைச் சொன்னார். ஓவர்லாக்கில் கை தேர்ந்த மனிதர். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி ஜோர்டான் போனவர். 2000-ல் அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்ட நாடு அது. அங்குள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இலங்கை, இந்தியா, நேபாளத்திலிருந்து போனவர்கள்.

"மிஷின் அதேதானுங்க. துணியும் அதேதான். ஆனா நம்மூர்ல கேட்டத் தாண்டினா இன்னொரு கேட்டு. அங்க கேட்டத் தாண்டினா போலீசு."

விஷயம் இதுதான். அவருடைய வேலை பெர்மிட்டில் அவர் பெயர் இருந்தது. கூடவே கம்பெனி பெயரும் இருந்தது. அந்த கம்பெனியில் வேலை செய்யும்வரைதான் அவர் அந்த நாட்டில் சட்டப்படி இருக்க முடியும். பக்கத்து ஆலையில் கூடுதல் சம்பளம் என்றாலும், பழைய முதலாளி சம்மதிக்காமல் நகர முடியாது. சொல்லாமல் வெளியே போனால் 'ஓடிப்போனவன்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

"டார்கெட்டை ஏத்திக்கிட்டே போனாங்க. கேட்டா, பிடிக்கலைன்னா ஊருக்குப் போன்னாங்க. ஏஜென்ட் கடனை வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட ஊருக்கு வாரதுங்க?"

எனக்கு பி.காம். வகுப்பு ஞாபகம் வந்தது. விற்பவர் ஒருவரே என்றால் 'மோனோபோலி'. வாங்குபவர் ஒருவரே என்றால் 'மோனாப்சனி'. இரண்டாவதற்கு உதாரணம் சொல்ல வாத்தியார் திணறுவார். இதோ, உதாரணம் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. உழைப்பை விற்க வந்தவருக்கு அந்த நாடு முழுக்க ஒரே ஒரு வாடிக்கையாளர். விலையை யார் வைப்பார்கள்?

வளைகுடாவில் இதற்குப் பெயர் 'கஃபாலா'. கபீல், அக்காமா, என்.ஓ.சி. என்ற வார்த்தைகள் நம் கிராமத்துப் பாட்டிகளுக்கே தெரியும். சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டும் முதலாளியோடு சேர்த்துக் கட்டியதுதான். கட்டுமானத் துறையில், பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில் மட்டும் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு இடம் மாறலாம். அவ்வளவு சின்ன ஜன்னல்!

என்.ஓ.சி. ஏதோ அரபு நாட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஆட்களுக்கு அது பழக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அதன் பெயர் 'துண்டு'. கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், 'இவ்வளவு கடன் பாக்கி, கட்டினால் விட்டுவிடுகிறோம்' என்று துரை ஒரு சீட்டு தர வேண்டும். புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் தீராது, தோட்டம் விட்டுத் தோட்டம் கூடவே நடந்து வரும். வெள்ளைக்காரன் ஆங்கிலத்திலும் 'துண்டு' என்றே எழுதினான். 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

முதலாளி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. டிக்கெட், விசா, தங்குமிடம் என்று செலவழித்து ஆளைக் கூட்டி வருகிறான். அடுத்த வாரமே பக்கத்து கம்பெனிக்குப் போனால்? கேள்வி சரி. அதற்கு நோட்டீஸ் காலம் வைக்கலாம், செலவைப் புதிய முதலாளி பகிரலாம். ஆளையே அடமானம் பிடிக்க வேண்டுமா? கத்தார் 2020-ல் சட்டத்தை மாற்றியது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ நோட்டீஸ் கொடுத்துவிட்டு, என்.ஓ.சி. இல்லாமலே வேலை மாறலாம் என்றது. உலகக் கோப்பையை நடத்தும் நாடு என்று உலகமே உற்றுப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணம்.

அரபு நாட்டைத் திட்டிவிட்டு நாம் கை கழுவவும் முடியாது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே! தெற்கத்தி கிராமத்து இளம்பெண்கள் மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்ய வேண்டும். கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் போனால் அந்தத் தொகை கிடைப்பது சந்தேகம். 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளர்களே கேள்வி கேட்டார்கள். அதற்கு விசா கிடையாது, கபீல் கிடையாது. பூட்டு மட்டும் அதே பூட்டு. இத்தனைக்கும் நம்முடைய 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தைப் பறிப்பதையும் கொத்தடிமைத்தனம் என்றே சொல்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், சம்பளம் எவ்வளவு, சாப்பாடு உண்டா என்று விசாரிப்பீர்கள். கூடவே இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: "எனக்கு இந்த கம்பெனி பிடிக்கலைன்னா, அந்த ஊரிலேயே வேறு கம்பெனிக்கு மாறலாமா?"

ஏஜென்ட் சிரித்து மழுப்பினால், பணத்தைக் கட்டுவதற்கு முன் இன்னொரு ராத்திரி யோசிக்கச் சொல்லுங்கள்.